படுவான்கரைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்கா,

களுவாஞ்சிக்குடியிலிருந்து எழுதுகிறேன். வயது 27, ஆசிரியையாக இருக்கிறேன். வந்தாறுமூலையில் ஒன்றாகப் படித்த பதினொரு பேர் இன்னும் தொடர்பில் இருக்கிறோம். கல்முனை, காத்தான்குடி, கொக்கட்டிச்சோலை, வாழைச்சேனை என்று ஆளுக்கொரு பக்கம். வட்ஸ்அப் குழுவில் மாதம் தவறாமல் ட்ரிப் பேச்சு வரும். எல்ல, நுவரெலியா, இல்லாவிட்டால் சிகிரியா. வான் பேசுவோம், திகதி போடுவோம், கடைசிக் கிழமையில் ஒருவருக்கு லீவு இல்லை, இரண்டு பேருக்கு வீட்டில் விடமாட்டார்கள், கலைந்துவிடும். போன மாதம் ஒரு தோழி ஒன்றுமே சொல்லாமல் குழுவிலிருந்து விலகிவிட்டாள். இங்கேயே பக்கத்தில் எங்காவது போவோமே என்று நான் கேட்டால், "மட்டக்களப்பில் கடலைத் தவிர என்ன இருக்கு, அதைத்தான் தினமும் பார்க்கிறோமே" என்கிறார்கள். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகி, களுவாஞ்சிக்குடி

*

அன்புள்ள தங்கச்சி,

முதலில் அந்த விலகிப்போன தோழியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரியாக வந்த அதுதான் என் மனதில் நின்றது. அவளுக்கு உங்கள் மேல் கோபம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. எல்லவுக்கு இரண்டு இரவு என்றால் வான் வாடகை, அறை, சாப்பாடு, போட்டோவுக்கு என்று ஒரு உடுப்பு, இதெல்லாம் சேர்த்து ஒருவருக்கு எவ்வளவு வரும் என்று குழுவில் கணக்குப் போடும்போது, 'சரி' என்று முதலில் பதில் போடுகிறவர்கள் யார், இரண்டு நாள் சத்தமில்லாமல் இருக்கிறவர்கள் யார் என்று மேலே போய் ஒருமுறை பாருங்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நம் வீடுகளில் கடன் இல்லாத வீடு குறைவு. தம்பியின் படிப்பு, அடகில் இருக்கிற நகை, அப்பாவின் மருந்து என்று சம்பளம் வருமுன்பே பங்கு பிரிந்துவிடுகிறது. "எனக்குக் காசு இல்லை" என்று பத்துப் பேருக்கு முன்னால் எழுதுவது எல்லாராலும் முடியாது, பேசாமல் விலகிவிடுவார்கள். என் ஊகம் தவறாகவும் இருக்கலாம், ஆனாலும் அவளுக்கு மெசேஜ் போடவேண்டாம், நேரில் போய் வீட்டில் ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். அப்புறம் அடுத்த பயணம் அவளாலும் வரக்கூடிய பயணமாக இருக்கட்டும். நண்பர்களோடு போகிற பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் பார்க்கவேண்டியது, குழுவில் கையில் மிகக் குறைவாக வைத்திருக்கிறவர் யார் என்பதைத்தான்.

அடுத்தது, பதினொரு பேரும் வரவேண்டும் என்று காத்திருப்பதை விடுங்கள். நான்கு பேர் வந்தால் நான்கு பேரோடு போங்கள். காத்தான்குடியில் கடை வைத்திருக்கிறவருக்கு வெள்ளிக்கிழமை ஓய்வு, உங்களுக்குச் சனி ஞாயிறு, வங்கியிலோ தனியார் கம்பனியிலோ வேலை செய்கிறவருக்குச் சனியும் அரைநாள் வேலை இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றாகக் கிடைக்கிற நாள் போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை. மாதத்துக்கு ஒன்று வரும், அன்றைக்குச் சாராயக் கடைகளும் பூட்டு, அதுவும் உங்களுக்கு நல்லதுதான்.

இப்போது "என்ன இருக்கு" என்ற கேள்வி. இதைக் கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. உங்கள் நண்பர்களில் எத்தனை பேர் மட்டக்களப்பு வாவியைக் கடந்து அக்கரைக்குப் போயிருக்கிறார்கள், கொக்கட்டிச்சோலைத் தேருக்குப் போனதைத் தவிர? வாவி 56 கிலோமீற்றர் நீளம். அதன் கிழக்கே கடலோடு ஒட்டி எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. நாம் தின்கிற அரிசியிலும் விருந்தாளிக்கு வாங்கி வைக்கிற எருமைத் தயிரிலும் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. மட்டக்களப்பு நகரத்தில் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீரே உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர், வவுணதீவில் சுத்திகரித்து வருகிறது. அந்தக் குளக்கட்டில் ஒருநாள் நின்று பார்க்காதவர்களுக்கு எல்லவின் ஒன்பது வளைவுப் பாலம் மனப்பாடம். எல்ல அழகான இடம்தான், போகவேண்டிய இடம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அது எங்கும் போகாது.

நான் உங்கள் வயதில் இருந்தபோது, யுத்த காலத்தில், படுவான்கரைக்குப் போவது என்பது ஆசைப்பட்டுச் செய்கிற காரியமாக இருக்கவில்லை. இக்கரை ஒரு தரப்பின் கையில், அக்கரை இன்னொரு தரப்பின் கையில். மண்முனைத் துறையில் இறங்கினால் அடையாள அட்டை, பை சோதனை, எதற்குப் போகிறாய், யார் வீட்டுக்குப் போகிறாய், எப்போது திரும்புவாய். அக்கரையில் சொந்தக்காரர் செத்தால் மட்டுமே போனவர்கள் உண்டு, அதற்கும் போக முடியாதவர்களும் உண்டு. 2007 வரை இப்படித்தான். அந்த வருடங்களில் வளர்ந்த எழுவான்கரைப் பிள்ளைகள் தாங்கள் படித்த பாடசாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊர்களைக் கண்ணால் காணாமலே வளர்ந்தார்கள். அப்படி வளர்ந்தவர்கள்தான் இன்று உங்களுக்கு அண்ணன் அக்காமார், சிலருக்கு அம்மா அப்பா. அங்கே பார்க்க ஒன்றும் இல்லை என்ற எண்ணம் அவர்களிடமிருந்துதான் உங்களிடம் வந்தது என்று நினைக்கிறேன். மண்முனைப் பாலம் 2014இல் திறந்துவிட்டது. மோட்டார் சைக்கிளில் ஒரு பாட்டு முடியுமுன் அக்கரைக்குப் போய்விடலாம். அதனால்தான் நீங்கள் போகவேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

நீங்கள் களுவாஞ்சிக்குடிக்காரி, உங்களுக்குத்தான் இந்தச் சுற்று மிகவும் வசதி. காலையில் வெயில் ஏறுமுன் குருமண்வெளித் துறைக்குப் போய்ப் பாதையில் (வாவியைக் கடக்கிற மிதவைப் படகில்) ஏறுங்கள். மோட்டார் சைக்கிளையும் ஏற்றலாம். கூடவே ஆசிரியர்களும் மீன்காரர்களும் மரக்கறி மூட்டைகளும் வருவார்கள். அந்தக் கொஞ்ச நேரம் போனை எடுக்காமல் அவர்களோடு கதையுங்கள். அக்கரையில் இறங்கினால் மண்டூர். முருகன் கோயிலில் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்கிற கதிர்காம முறை இன்றும் இருக்கிறது, சின்னக் கதிர்காமம் என்று சொல்வது அதனால்தான். அங்கிருந்து வெல்லாவெளி, பழுகாமம், அம்பிளாந்துறை என்று வயல்களுக்கு நடுவே வந்தால் கொக்கட்டிச்சோலை. தான்தோன்றீஸ்வரர் கோயிலில் கல் நந்தி போர்த்துக்கேயருக்கு முன்னால் புல்லைத் தின்ற கதையை உங்கள் காத்தான்குடி நண்பருக்கும் சொல்லுங்கள், அவர் ஊரின் கதைகளையும் இன்னொரு நாள் அவர் வீட்டில் இருந்து கேளுங்கள். மாசி, பங்குனியில் போனால் பெரும்போக அறுவடை, நெல்லை றோட்டிலேயே காயவைத்திருப்பார்கள், வேகத்தைக் குறைத்து ஓரமாகப் போங்கள்.

உங்கள் குழுவில் கொக்கட்டிச்சோலையில் ஒருவர் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பிறகென்ன! மத்தியானச் சாப்பாடு அந்த வீட்டில்தான். முதல்நாளே சொல்லுங்கள், வெறுங்கையோடு போகாதீர்கள், கடற்கரைப் பக்கத்திலிருந்து நல்ல மீன் வாங்கி ஐஸ் போட்டுக் கொண்டுபோங்கள், போனதும் வெங்காயம் உரிக்க உட்காருங்கள். மீனும் சோறும் தயிரும் என்றால் முஸ்லிம் நண்பர்களும் மனத்தடை இல்லாமல் ஒன்றாக இருந்து சாப்பிடலாம், யாருக்கும் தனியாகப் பார்சல் வாங்கவேண்டிய சங்கடம் இல்லை. இந்த மாவட்டத்தில் 1990இல் நடந்த படுகொலைகளுக்கும் 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்கும் பிறகு, தமிழரும் முஸ்லிமும் ஒருவர் வீட்டுக் குசினிக்குள் மற்றவர் போய்வருவது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். கூட்டம் போட்டுப் பேசி இது சரிவரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. உங்களைப் போன்ற பதினொரு பேர் ஒரு பாயில் இருந்து சாப்பிட்டால் கொஞ்சமாவது சரிவரும் என்று நம்புகிறேன்.

வீட்டில் விடமாட்டார்கள் என்ற விஷயம். அம்மாமாரைக் கோபிக்காதீர்கள். நம் கரையில் பிள்ளையை வெளியே விடப் பயப்படுகிறவர்களுக்குக் காரணம் இருக்கிறது, வெறும் கட்டுப்பாடு என்று அதைத் தள்ளிவிட முடியாது. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதுவும் போயா. இலங்கையிலேயே அதிக உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில், கல்முனைக்கும் மருதமுனைக்கும் போய் எந்த வீட்டில் கேட்டாலும் ஒரு பெயர் சொல்வார்கள். அதற்கு முந்திய காலத்தில் வெளியே போன பிள்ளை திரும்பி வராமல் போன வீடுகள் எத்தனை. பிள்ளை ஆறு மணிக்குள் வராவிட்டால் வாசலில் வந்து நிற்கிற பழக்கம் அப்படி வந்தது. அதற்காக நீங்கள் வீட்டிலேயே இருங்கள் என்று சொல்லமாட்டேன். போகிற வழி, யார் யார், எந்த வீட்டில் சாப்பாடு, எத்தனை மணிக்குத் திரும்புவோம், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கொடுங்கள். ஒருமுறை அம்மாமாரையும் கூட்டிக்கொண்டு மண்டூருக்குப் போய்வாருங்கள். அவர்களில் பலருக்கும் தோழிகளோடு எங்கும் போய்ப் பழக்கமில்லை, பாதையில் ஏறியதும் அவர்கள் சிரிப்பதைப் பார்த்தால் அடுத்த முறை அனுமதி கேட்க உங்களுக்கே தைரியம் வரும். ஆனால் கோயிலுக்கு என்று பொய் சொல்லிவிட்டுப் பாசிக்குடாவுக்குப் போகாதீர்கள். ஒரு டயர் வெடித்தால்கூட உங்களைத் தேட ஒருவருக்கும் இடம் தெரியாமல் போகும்.

தண்ணீர் விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். பாசிக்குடாவில் முருகைக்கற்பாறை அலையைத் தடுப்பதால் வெகுதூரம் நடந்தே போகலாம், நீந்தத் தெரியாதவர்கள் அங்கே குளியுங்கள். அதை நம்பி வேறு கடலில் இறங்காதீர்கள். குளங்கள் இன்னும் மோசம். மேலே தட்டையாக இருக்கும், கீழே சேறும் மரக்கட்டையும் திடீர்ப் பள்ளமும். துருசுக்குக் (தண்ணீர் திறந்துவிடுகிற மதகுக்கு) கிட்ட இழுவை இருக்கும். ஒவ்வொரு வருடமும் நண்பர்களோடு குளிக்கப் போன இளம் பிள்ளைகளின் செய்தியைப் படிக்கிறோம், பல தடவை குடியும் சேர்ந்திருக்கிறது. பெடியன்கள் போத்தல் கொண்டுவந்தால் அன்றைக்குக் குளம் வேண்டாம் என்று நீங்கள் சொல்லுங்கள், சண்டை வந்தாலும் சொல்லுங்கள். உன்னிச்சை, தாந்தாமலைப் பக்கம் போனால் மாலை நாலரைக்கெல்லாம் திரும்ப வெளிக்கிடவேண்டும். இருட்டினால் யானை றோட்டுக்கு வரும். அங்குள்ள விவசாயிகள் அதோடு தினமும் படுகிற பாட்டை நினைத்து, யானையைப் பார்த்துப் படம் எடுக்கவேண்டும் என்று காத்து நிற்காமல் வந்துவிடுங்கள்.

யானை பார்க்க ஆசை என்றால் அம்பாறைக்குப் போங்கள். இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரத்தில் படகில் போனால், அதிர்ஷ்டம் இருந்தால், யானைகள் தீவுக்குத் தீவு நீந்திப் போவதைக் காணலாம். செங்கலடியிலிருந்து உள்ளே போனால் மகா ஓயா வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொரு கிணற்றிலும் ஒவ்வொரு சூடு. தெற்கே என்றால் திருக்கோவில், சங்கமன்கண்டி (இலங்கையின் கிழக்குக் கோடி அதுதான்), பொத்துவில், பாணமை, அப்புறம் காட்டு வழியாக உகந்தை. ஆடியில் கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் காட்டுக்குள் நுழைவது உகந்தையிலிருந்துதான். இந்தத் தெற்குப் பயணம் ஒரு நாளில் முடியும், ஆனால் விடியுமுன் வெளிக்கிடவேண்டும். இதற்கு வான் பிடியுங்கள், காசை முன்கூட்டியே இரண்டு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள், கணக்கு ஒரு ஆளிடம் இருக்கட்டும், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது குழுவில் வரவே கூடாது.

சாப்பிட்ட லஞ்ச் சீற்றும் போத்தலும் திரும்ப உங்கள் பையிலேயே வரவேண்டும். கல்லடிக் கடற்கரையில் திங்கட்கிழமைக் காலையில் நடந்து பார்த்தவர்களுக்கு நான் ஏன் சொல்கிறேன் என்று தெரியும்.

கார்த்திகைக்கு முன் போய்விடுங்கள். மாரி தொடங்கினால் படுவான்கரையின் பல றோட்டுகளை வெள்ளம் மூடும், கிரானிலிருந்து குடும்பிமலைக்குப் போகிற புலிபாய்ந்தகல் பக்கமெல்லாம் படகுதான். நீங்கள் போகிற அன்று காற்று அதிகமாக இருந்து பாதை ஓடாவிட்டால் வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். பட்டிருப்புப் பாலத்தால் போரதீவுக்குப் போய், முதலில் மண்டூர், பிறகு அதே வழியால் வந்து கொக்கட்டிச்சோலை, மண்முனைப் பாலம், ஆரையம்பதி. மத்தியானச் சாப்பாடு ஒரு மணிநேரம் பிந்தும், அந்த வீட்டுக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா