பழைய போட் வாங்கும்போது எஞ்சின் செலவு: சில கேள்விகளும் பதில்களும்

வாழைச்சேனையில் நெடுநாளாகப் போட் எஞ்சின் திருத்துகிறேன். பழைய டீசல் போட் வாங்க இருப்பவர்கள் செலவைப் பற்றிக் கேட்கலாம் என்றேன். வந்த கேள்விகளில் சில இவை.

கல்லடியிலிருந்து: அண்ணன், 28 அடி போட், 30 குதிரைவலு எஞ்சின். ஓட்டுவதற்கு என்ன செலவு வரும்?

முதல் செலவு டீசல்தான். முழு இழுவையில் ஒரு குதிரைவலுவுக்கு மணிக்கு ஏறத்தாழ 0.2 லீற்றர் போகும். அப்படியானால் 30க்கு 6 லீற்றர். டீசலைத் தூவும் நோசில் தேய்ந்திருந்தால் இன்னும் கூடும். அடுத்தது எஞ்சின் ஒயில். பல எஞ்சின்களுக்கு 250 மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். நாளுக்கு 10 மணி, மாதம் 20 நாள் ஓடினால் 200 மணி வருகிறது. ஆக, ஐந்து ஆறு கிழமைக்கு ஒருதரம் ஒயிலும் பில்டரும். வோட்டர் பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் றப்பர் இம்பெல்லரை வருடம் ஒருமுறை மாற்றிவிடுங்கள். கடல்நீரால் எஞ்சின் சூட்டைத் தணிக்கும் கூலருக்குள், அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ள ஒரு சிங்க் (துத்தநாக) துண்டு இருக்கும்; அது பாதி கரைந்ததுமே புதிது போட வேண்டும். அதை விட்டால் உப்புத்தண்ணீர் கூலரையே தின்னத் தொடங்கும்.

இதெல்லாம் தெரிந்த செலவு. கூலர், கியர்பொக்ஸ், ஹெட் என்று திடீரென வருவதுதான் ஆளை விழுத்தும். கையில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்துக்கொண்டு மிச்சத்துக்கு விலை பேசுங்கள்.

சாய்ந்தமருதிலிருந்து: சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகிவிட்டது. நம்பி வாங்கலாமா காக்கா?

நீங்கள் போகும்போது எஞ்சின் சூடாக இருந்ததா தம்பி? விற்கிறவர் விடியவே ஒருமுறை ஓட்டி வைத்திருந்தால் எந்தக் கிழட்டு எஞ்சினும் உடனே பற்றும். சொல்லாமல் போங்கள், முதலில் கையை வைத்துப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து மறைந்தால் பயமில்லை. சூடான பிறகும் நிற்காவிட்டால் நோசிலோ கொம்பிரஷனோ (சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் பலம்) போயிருக்கலாம், இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே போகிறது. நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது, பெரிய வேலை. கறுப்புப் புகையைக் கண்டு ஓடிவிட வேண்டாம். போட்டின் அடிப்பகுதியில் பாசி பிடித்திருந்தாலும், எயார் பில்டர் அடைத்திருந்தாலும், பொருந்தாத புரொப்பெல்லர் போட்டிருந்தாலும் அது வரும். இவை சின்னச் செலவுகள். அதைக் காட்டி விலையைக்கூடக் குறைக்கலாம்.

ஒயில் அளவு பார்க்கும் கம்பியை இழுத்துப் பாருங்கள். பால்தேத்தண்ணி நிறம் என்றால் ஒயிலில் தண்ணீர், பேச்சே வேண்டாம். டீசல் எஞ்சினில் ஒயில் கறுப்பாக இருப்பது வழமை. தேன் நிறத்தில் பளபளத்தால் நேற்றுத்தான் ஏன் மாற்றினார்கள் என்று கேட்க வேண்டும். நான் ஒருதரம் அதைக் கேட்காமல் வாங்கினேன். இரண்டாம் மாதமே எஞ்சினைக் கழற்ற வேண்டியதாயிற்று. கடைசியாக, கடலில் ஒரு மணித்தியாலம் முழு வேகத்தில் ஓட்டிச் சூட்டு மானியைப் பாருங்கள். கரையில் சும்மா உறுமவிட்டுப் பார்ப்பது காணாது.

பொத்துவிலிலிருந்து: எஞ்சின் ஓடிய மணியைக் காட்டும் மீற்றரில் 2,000 மணி என்று காட்டுகிறது. சரியாக இருக்குமா?

ஒரு வயரைக் கழற்றினால் மீற்றர் நின்றுவிடும். அதை வைத்து விலை பேசாதீர்கள்.

கல்குடாவிலிருந்து: மாரி முழுக்க ஓடாமல் நின்ற போட். எஞ்சின் தேயாமல் இருக்கும்தானே?

தேயாது, துருப்பிடிக்கும். உப்புத்தண்ணீரை உள்ளே வைத்துக்கொண்டு மூன்று மாதம் நின்றால் கூலரும் புகைக்குழாய் வளைவும் அரித்துப்போகும். டாங்கி பாதி வெறுமையாக இருந்தால் உள்ளே வியர்த்துத் தண்ணீர் அடியில் தங்கும், டீசலில் பாசி மாதிரி ஒன்று வளரும். டாங்கியின் அடியிலிருந்து ஒரு போத்தல் இறக்கிப் பாருங்கள். நல்ல தண்ணீரால் கழுவி, ஒயில் மாற்றி, டாங்கியை நிரப்பி நிறுத்தியிருந்தால் வாங்கலாம்.

கல்முனையிலிருந்து: லொறி எஞ்சின் பூட்டிய போட் மலிவாக வருகிறதே?

பாகம் சுலபமாகக் கிடைக்கும், அது உண்மை. ஆனால் ரேடியேட்டரை எடுத்துவிட்டுக் கடல்நீர்க் கூலர் ஒழுங்காகப் பூட்டியிருக்கிறதா, புகைக்குழாய் தண்ணீரால் குளிர்கிறதா, கியர்பொக்ஸ் கடலுக்கு உரியதா? மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் அதைச் செய்விக்கும் கூலியை உங்கள் மெக்கானிக்கிடம் கேட்டு விலையோடு கூட்டுங்கள். பிறகும் மலிவாக இருந்தால் என்னையும் கூப்பிடுங்கள், வந்து பார்க்கிறேன்.