மந்தியார் பார்த்த உத்தியோகம்

கே: குரங்குகளைத் தட்டச்சுப் பலகை முன் உட்கார வைத்தால் என்றைக்காவது காவியம் வந்துவிடுமாமே? – வாசகர், கோவில்பட்டி

ப: பிரெஞ்சுக் கணித மேதை எமில் போரெல் 1913இல் எடுத்துவிட்ட உவமை அது. அதை 2002இல் செய்தே பார்த்துவிட்டார்கள், இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தார். பேயிங்டன் விலங்குக் காட்சிசாலையில் ஆறு சுலாவெசி குரங்குகளின் கூண்டுக்குள் சில வாரம் கம்ப்யூட்டர் இருந்தது. தலைமைக் குரங்கு கல்லை எடுத்துப் பலகையைச் சாத்தியது. மற்றவை அதையே கழிப்பறையாக்கின. மிஞ்சியது ஐந்து பக்கம், அதிலும் பெரும்பாலும் 'எஸ்' எழுத்து. போரெல் கணக்கில் எல்லா விசைக்கும் சம வாய்ப்பு வேண்டும். நிஜக் குரங்கோ கைக்குச் சிக்கிய விசையை விடாது.

தமிழுக்குக் கணக்குப் போடுவோம். 247 எழுத்துக்கும் தனித்தனி விசை. 'குரங்கு' என்பது கு, ர, ங், கு என நாலு எழுத்து. 247ஐ நாலு தடவை வைத்துப் பெருக்கினால் சுமார் 372 கோடி. நொடிக்கு ஒரு தட்டு, ஊண் உறக்கம் கிடையாது என்றாலும், தன் பெயரை ஒருமுறை சரியாக அடிக்கச் சராசரியாக 118 வருஷம். திருக்குறளை அப்புறம் பார்க்கலாம்.

கே: அப்படியானால் குரங்கு எந்த வேலைக்கும் லாயக்கில்லையா? – வாசகி, தஞ்சாவூர்

ப: யார் சொன்னது? தென்னாப்பிரிக்காவின் யூட்டன்ஹேக் ரயில் நிலையத்தில் ஜாக் என்ற பபூன் வகைக் குரங்கு 1881 முதல் ஒன்பது வருஷம் சிக்னல் நெம்புகோல் இழுத்தது. விபத்தில் இரு கால்களையும் இழந்த சிக்னல்மேன் ஜேம்ஸ் வைடின் உதவியாளர் அது. எஞ்சின் எத்தனை முறை ஊதுகிறது என்று பார்த்து, அதற்குரிய நெம்புகோலை இழுக்கும். நாலு ஊதல் என்றால் நிலக்கரிக் கிடங்குச் சாவி. வாரம் அரை பாட்டில் பீரும் உண்டு என்கிறார்கள். (பென்ஷன் கிடையாது, 1890இல் காசநோயில் போய்விட்டது.)

தாய்லாந்திலும் மலேசியாவிலும் தேங்காய் பறிப்பது பன்றிவால் குரங்கு. பயிற்சி தரையில் தொடங்கும்: கம்பியில் செருகிய தேங்காயைச் சுற்றவிட்டுப் பழக்குவார்கள். காயை ஒரே பக்கமாகத் திருகினால் காம்பு முறுகி அறும், அவ்வளவுதான் வித்தை. தொல்லை, குரங்கைக் கட்டிக் கீழிருந்து அசைத்துக் குறிப்புக் கொடுக்கும் கயிற்றில்தான், அது மட்டையில் சிக்கினால் தானே விடுவித்துக்கொள்ளப் பழகாத குரங்கு மேலேயே மாட்டிக்கொள்ளும். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் இருந்த தாவரவியலாளர் கார்னர், இதே இனத்தை மரமேற்றி, எட்டாத உயரத்துப் பூவும் காயும் ஆராய்ச்சிக்குப் பறிக்கவைத்தார்.

விசில் ஊதினால் இழு, கயிற்றை அசைத்தால் திருகு என்று குறிப்பு இருந்தால் குரங்கு கெட்டிக்காரன். தட்டச்சுப் பலகை என்ன குறிப்புக் கொடுக்கும்?

கே: மனிதன் குரங்கு வேலை பார்த்ததுண்டா? – வாசகர், சேலம்

ப: டெல்லியில் உண்டு, சம்பளத்தோடு. சின்னக் குரங்குகளை விரட்ட முன்பு லங்கூர் என்ற பெரிய, நீளவால் குரங்குகளைக் கட்டி வைத்திருந்தார்கள். 1972 வனவிலங்குச் சட்டப்படி அது கூடாது என்றானதும், லங்கூர் போலக் குரல் கொடுக்க 40 பேரை வைத்திருப்பதாக 2014இல் நாடாளுமன்றத்திலேயே அரசு சொன்னது. 2023 ஜி-20 மாநாட்டுக்கு லங்கூர் கட்-அவுட்டும் வைத்தார்கள். அசையாத கட்-அவுட்டுக்குக் குரங்கு எத்தனை நாள் பயப்படும்? அதனால் குரல் கொடுப்பவர்களையும் கூடவே நிறுத்தினார்கள்.

கே: சம்பளம் குறைந்தால் குரங்கு கேட்குமா? – வாசகர், மதுரை

ப: 2003இல் அமெரிக்காவில் சாரா பிராஸ்னனும் பிரான்ஸ் டி வாலும் சோதித்தார்கள். கல்லைத் திருப்பிக் கொடுத்தால் கபுச்சின் குரங்குக்கு வெள்ளரித் துண்டு. அதே வேலைக்குப் பக்கத்துக் குரங்குக்குத் திராட்சை கிடைப்பதைப் பார்த்ததும், பல குரங்குகள் வெள்ளரியைத் தொடவில்லை. சில தூக்கி எறிந்தன.