சிறிய நகரங்களின் சபைக்கு வட்டார முறையில் உறுப்பினர்களைத் தெரிவு செய்வது நல்லதா?

நல்லதுதான். நகரத்தைச் சிறு வட்டாரங்களாகப் பிரித்து அந்தந்த அயலுக்கு உறுப்பினர் தெரிவு செய்வதைத்தான் வட்டார முறை என்கிறோம். ஆனால் வட்டாரம் மட்டும் போதாது, கட்சிகள் தம் வாக்கு வீதத்துக்கேற்ப உறுப்பினர்களை அனுப்பும் ஒரு பட்டியலும் பக்கத்தில் வேண்டும். நான் யாழ்ப்பாணத்தில் இருப்பவன், அதனால் எங்கள் மாநகர சபையை வைத்தே சொல்கிறேன். பெயர்தான் மாநகரம், சனத்தொகை ஒரு லட்சத்துக்கும் குறைவு.

2018க்கு முன்பு இலங்கையில் உள்ளூராட்சித் தேர்தல் விகிதாசார முறையில் நடந்தது. சபை முழுவதும் ஒரே தொகுதி. கட்சிக்கு ஒரு வாக்கு, அப்புறம் அந்தக் கட்சியின் வேட்பாளர்களில் மூன்று பேருக்கு விருப்பு வாக்கு. ஒழுங்கையில் வாய்க்கால் அடைத்துக்கொண்டால் யாரிடம் போவது என்று தெரியாது. ஒருவரிடம் போனால் இன்னொருவரைக் கைகாட்டுவார். விருப்பு வாக்குக்காக ஒரே கட்சிக்காரர்களே ஒருவர் சுவரொட்டிக்கு மேல் மற்றவர் ஒட்டிக்கொண்டு திரிந்ததுதான் மிச்சம்.

2018 பெப்ரவரித் தேர்தலில் கலப்பு முறை வந்தது. 60 வீதம் வட்டாரம், 40 வீதம் பட்டியல். யாழ்ப்பாணத்துக்கு 27 வட்டாரங்கள், 18 பட்டியல் ஆசனங்கள், மொத்தம் 45 உறுப்பினர்கள். வட்டாரத்துக்குச் சராசரியாக மூவாயிரத்துச் சொச்சம் பேர். தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாருடைய வீட்டுப் படலையைத் தட்டுவது என்று இப்போது எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் ஊரின் அமைப்புக்கும் வட்டாரம் பொருந்துகிறது. குருநகர், பாசையூர், நாவாந்துறை ஆகியவை கடற்றொழில் செய்யும் சனம் நெருக்கமாக வாழும் இடங்கள். அவர்களுடைய தேவை நல்லூர்ப் பக்கத்துக்காரரின் தேவை அல்ல. சோனகத் தெருப் பக்கத்தில் 1990இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் ஒரு பகுதியினர் திரும்பி வந்து குடியிருக்கிறார்கள். இப்படி ஓரிடத்தில் சேர்ந்து வாழ்பவர்களுக்கு வட்டாரம் பெரிய பலம். இங்கே பலரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றும் உண்டு: பல இடங்களில் அயல் என்பது சாதியும்தான். கட்சிகள் வட்டாரத்துக்கு ஆள் தேடும்போது அதையும் பார்த்துத்தான் தேடுகின்றன. இது பிரிவினைக்கு எல்லைக்கோடு போட்டுக் கொடுக்கிறது என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் நகரம் முழுக்க விருப்பு வாக்குக் கேட்டு வெல்ல வசதியோ செல்வாக்கோ இல்லாத ஒருவர் தன் அயலில் வென்று சபைக்குள் வருவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பெண்களுக்கு இந்தக் கணக்கு உதவாது. எல்லா வட்டாரத்திலும் அவர்கள் பாதிப்பேர், ஆனால் வட்டாரத்தில் நிறுத்தக் கட்சிகள் தயங்கும். 25 வீத ஒதுக்கீடு வந்த பிறகு, நாடு முழுவதும் 2 வீத அளவில் கிடந்த பெண் உறுப்பினர்களின் பங்கு 20 வீதத்தைத் தாண்டியது. அவர்களில் பெரும்பாலானவர்கள் பட்டியல் வழியாக வந்தவர்கள்.

அடுத்தது குப்பை. மாநகரக் குப்பை கல்லுண்டாய்க்குப் போகிறது. அது மாநகர எல்லைக்கு வெளியே இருக்கிறது. எந்த வட்டாரத்துக்கும் சொந்தமில்லாத இடம். வட்டார உறுப்பினர் தன் ஒழுங்கைக்கு டிராக்டர் நேரத்துக்கு வரவேண்டும் என்று சண்டை பிடிப்பார், அது நியாயம். டிராக்டர் ஏற்றிக்கொண்டு போனபின் அது அவருக்குக் கவலை இல்லை. கல்லுண்டாய்ப் பக்கத்தில் நாற்றத்தையும் புகையையும் தாங்குபவர்களுக்கு இந்தச் சபையில் வாக்கே இல்லை. வெள்ள வாய்க்காலும் அப்படித்தான்: மேலே ஒரு வட்டாரத்தில் வாய்க்காலை மறித்துக் கட்டினால் கீழே இன்னொரு வட்டாரத்தில் வீட்டுக்குள் தண்ணீர். நகரம் முழுவதையும் பார்த்துப் பேசக்கூடிய சிலர் சபையில் இருக்கத்தான் வேண்டும். அந்த வேலைக்குத்தான் பட்டியல் ஆசனங்கள் பயன்பட வேண்டும். நடைமுறையில் கட்சிகள் பல இடங்களில் வட்டாரத்தில் தோற்றவர்களையே அதற்குள் ஏற்றின.

சபை நிலையில்லாமல் போனதற்கு வட்டார முறைதான் காரணம் என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. 2018இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 16, தமிழ்த் தேசிய மக்கள் முன்னணிக்கு 13, ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சிக்கு (ஈ.பி.டி.பி.) 10 ஆசனங்கள். யாருக்கும் பெரும்பான்மை இல்லை. 2020 டிசம்பரில் வரவு செலவுத் திட்டம் தோற்று மாநகர முதல்வர் (மேயர்) ஆனல்ட் பதவி இழந்தார், மணிவண்ணன் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் முதல்வரானார். ஆனால் ஆசனப் பங்கைத் தீர்மானித்தது கட்சிகளின் மொத்த வாக்கு வீதம். சனம் பிரிந்து வாக்களித்தது, சபையும் பிரிந்து நின்றது. வட்டாரம் மட்டும் இருந்திருந்தால் மூன்றில் ஒரு பங்கு வாக்கோடு ஒரு கட்சி சபையையே பிடித்திருக்கலாம். அதைவிட இந்த இழுபறி பரவாயில்லை.

நான் மாற்றச் சொல்வது ஒன்றைத்தான். இப்போது ஒரே வாக்கு, அதுவே வட்டார வேட்பாளருக்கும் கட்சியின் பட்டியலுக்கும் போகிறது. ஆளைப் பிடித்திருந்து கட்சியைப் பிடிக்காவிட்டால் வழியில்லை. ஜெர்மனியில் நாடாளுமன்றத் தேர்தலில் ஆளுக்கு ஒன்று, கட்சிக்கு ஒன்று என்று இரண்டு வாக்குகள் கொடுக்கிறார்கள். உங்கள் நகரத்தில் புதிதாக வட்டார முறை கொண்டுவரப் போகிறார்கள் என்றால் பட்டியலையும் சேர்த்துக் கேளுங்கள், வாக்குச்சீட்டையும் இரண்டாகக் கேளுங்கள்.