குளிசைப் பையோடு வாருங்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு 76 வயது. கோண்டாவிலில் என்னோடுதான் இருக்கிறார். பிரஷரும் சலரோகமும் கனகாலமாக உண்டு. இந்த மாதத்தில் இரண்டு முறை, விடியப்புறம் மலசலகூடத்துக்கு எழும்பியபோது தலைசுற்றி விழுந்துவிட்டார். தலை அடிபடவில்லை. கனடாவில் உள்ள அண்ணா உடனே மூளை ஸ்கான் எடுக்கச் சொல்கிறார். எடுக்கலாமா?

பதில்: அண்ணாவின் பதற்றம் விளங்குகிறது. தூரத்தில் இருப்பவர் வேறு என்னதான் சொல்வார்? ஆனால் தலை அடிபடாமல், கை கால் இழுக்காமல், பேச்சுக் குழறாமல் இருப்பவரிடம் நான் முதலில் கேட்பது குளிசைப் பையைத்தான்.

கிளினிக்கில் தந்தது, தனியாரிடம் காட்டி வாங்கியது, அண்ணா அனுப்பியது, பக்கத்து வீட்டு அன்ரி முழங்கால் நோவுக்குக் கொடுத்தது, எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு ஒரே வைத்தியரிடம் காட்டுங்கள். அண்மையில் ஒரு ஐயா கொண்டுவந்த பையை என் மேசையில் கொட்டினோம். கிளினிக் கடதாசிப் பைக்குள் லொசார்டன் என்ற பிரஷர் குளிசை. பார்மசிப் பெட்டிக்குள் வேறொரு பெயரில் அதே லொசார்டன். இரண்டையும் ஒரு நாளும் தவறவிடாமல் போட்டு வந்திருக்கிறார். நல்ல ஒழுங்கான மனுஷர், அதனால்தான் விழுந்தார்.

படுக்கையிலிருந்து எழும்பும்போது இரத்தம் காலுக்கு இறங்கும். இளம் உடம்பு அதை நொடியில் சமாளிக்கும். வயது போனால் மெதுவாகத்தான் சமாளிக்கும். சலரோகம் நரம்பைப் பாதித்திருந்தால் இன்னும் மெதுவாக. அதன்மேல் பிரசோசின் போன்ற பிரஷர் குளிசையும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். தடிமனுக்குப் போடும் பிரிட்டோன்கூட இந்த வயதில் தூக்கத்தையும் தள்ளாட்டத்தையும் தரும்.

வீட்டில் பிரஷர் மெஷின் இருந்தால், அம்மா 5 நிமிடம் படுத்திருந்தபின் ஒருமுறை பாருங்கள். பிறகு எழுந்து நின்று 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் பாருங்கள், பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். மேல் எண் 20, அல்லது கீழ் எண் 10 இறங்கினால் காரணம் பெரும்பாலும் பிடிபட்ட மாதிரித்தான். கிளினிக்கில் கதிரையில் இருத்திப் பார்க்கும்போது இது தெரியாது. அவ்வளவு பெரிய வரிசையில் ஒவ்வொருவரையும் படுக்க வைத்துப் பார்க்க யாருக்கு நேரம்?

இரத்தத்தில் உள்ள சீனியையும் மறக்க வேண்டாம். இரவு ஒன்றிரண்டு இடியப்பத்தோடு முடித்துவிட்டு, அல்லது விரதம் என்று ஒன்றும் சாப்பிடாமல், சலரோகக் குளிசையை மட்டும் வழமைபோலப் போட்டால் விடியப்புறம் சீனி இறங்கலாம். அடுத்தமுறை தலைசுற்றினால் விரலில் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். மயங்கிக் கிடந்தால் வாயில் ஒன்றும் ஊற்ற வேண்டாம்.

பயத்தில் நீங்களாக எந்தக் குளிசையையும் நிறுத்திவிடாதீர்கள். சில பிரஷர் குளிசைகளைத் திடீரென விட்டால் இதயத்துக்கு ஆபத்து.

ஸ்கான் எப்போது தேவை? தலை அடிபட்டு, அதன்பின் வாந்தி, கடும் தலையிடி, மந்தமான தூக்கம் வந்தால், வாய் கோணினால், ஒரு பக்கம் பலமிழந்தால். அப்போது கனடாவுக்குப் பிறகு சொல்லலாம், முதலில் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். இரத்தம் உறையாமல் இருக்க அஸ்பிரினோ வார்பரினோ போடுபவர் என்றால், தலையில் சின்ன அடி பட்டாலும் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

மலசலகூடம் வெளியே, கிணற்றடிப் பக்கம் என்றால் கட்டிலருகே ஒரு கொமோட் கதிரை வையுங்கள். முதல் இரண்டு நாள் அம்மா வெட்கப்பட்டு வேண்டாம் என்பார். விடாதீர்கள்.