கார்டுக் கடன் கட்டி மாளவில்லை. ஏகேபிகே போனால் உண்மையில் என்ன செய்வார்கள்?

மலேசியாவில் வேலை, இரண்டு கிரெடிட் கார்டு, ஒரு பெர்சனல் லோன். குறைந்தபட்சத் தொகையை விடாமல் கட்டியும் பாக்கி இறங்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

இறங்காததற்குக் கணக்கு இதுதான். 20,000 ரிங்கிட் பாக்கிக்கு ஆண்டு வட்டி 18 சதவீதம் என்றால் மாத வட்டியே 300. குறைந்தபட்சம் 5 சதவீதம், அதாவது 1,000 கட்டினால் 700தான் அசலில் கழியும். கையில் காசு இல்லாமல் மளிகைக்கும் பெட்ரோலுக்கும் அதே கார்டைத் தேய்த்தால் அந்த 700ம் திரும்ப ஏறிக்கொள்ளும்.

ஏகேபிகே, கடனில் சிக்கியவர்களுக்கு ஆலோசனை சொல்ல மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய நிறுவனம். ஆலோசனைக்கும் கடன் நிர்வாகத் திட்டத்துக்கும் கட்டணம் கிடையாது. 'ஏகேபிகே ஏஜெண்ட்' என்று முன்பணம் கேட்பவரிடமும், சிசிரிஸில் (பேங்க் நெகாராவின் கடன் பதிவேடு) பெயரை அழித்துத் தருகிறேன் என்பவரிடமும் ஒரு காசு கொடுக்காதீர்கள்.

அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, ஈபிஎஃப் (சேமநிதி) அறிக்கை, எல்லாக் கடன்களின் ஸ்டேட்மெண்ட், சிசிரிஸ் அறிக்கை எல்லாம் எடுத்துச் செல்லுங்கள். ஆலோசகர் சம்பளத்தில் குடும்பச் செலவைக் கழித்து, மிஞ்சுவதற்கு ஏற்ற தவணையைப் போட்டு வங்கிகளுக்கு அனுப்புவார். வட்டி குறையலாம், காலம் நீளும்; அசல் தள்ளுபடி ஆகும் என்று நம்பிப் போகாதீர்கள். வங்கிகள் சம்மதிக்கும்வரை பழைய வட்டியும் தாமதக் கட்டணமும் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

திட்டம் நிற்பதும் விழுவதும் அந்தச் செலவுப் பட்டியலில்தான். நல்லபடியாகத் தெரிய வேண்டுமென்று பலர் செலவைக் குறைத்து எழுதிவிடுகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவு பட்டியலில் ஏறுவதே இல்லை. கார் இன்சூரன்சும் ரோடு டாக்ஸும் 1,200, பள்ளிச் செலவு 900, தீபாவளிக்கு 1,500 என்றால் மொத்தம் 3,600, மாதத்துக்கு 300. இதை விட்டுவிட்டுத் தவணையை ஒப்புக்கொண்டால் தீபாவளி மாதமே இடிக்கும். தவணை தொடர்ந்து தவறினால் திட்டம் ரத்தாகி வங்கிகள் பழைய நிபந்தனைக்கே போய்விடும். ஊருக்கு அனுப்பும் பணம், அம்மாவின் மருந்துச் செலவு எதையும் மறைக்காதீர்கள். உரிமம் இல்லாமல் கடன் தரும் வட்டி முதலையிடம் வாங்கியது திட்டத்தில் சேராது. ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். மாதம் 500 அங்கே போகிறதென்றால் தாளில் மிஞ்சும் பணம் கையில் இருக்காது.

திட்டத்தில் சேர்ந்தால் கார்டுகள் ரத்தாகும், புதுக் கடன் எடுக்க முடியாது, சிசிரிஸிலும் குறிப்பு விழும். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். பலர் கவனிக்கத் தவறுவது, கார்டில் தானாகக் கழியும் மெடிக்கல் இன்சூரன்ஸ் பிரீமியத்தை. கார்டு செத்ததும் பிரீமியம் நின்று பாலிசி காலாவதியாகிவிடும். போன் பில், பிரீமியம் எல்லாவற்றையும் முன்கூட்டியே வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.

செலவு போக எதுவுமே மிஞ்சவில்லை என்றால் இந்தத் திட்டம் உங்களுக்குப் பொருந்தாது. முதலில் காரை விற்பதா, கூடுதல் வருமானத்துக்கு வழி உண்டா என்றுதான் ஆலோசகரிடம் பேச வேண்டும். வக்கீல் நோட்டீஸ் வந்திருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள். கடன் 100,000 ரிங்கிட்டை எட்டியிருந்தால் வங்கி திவால் வழக்கே போடலாம். வழக்கு முற்றியபின் ஆலோசகரால் செய்யக்கூடியது மிகக் குறைவு.