கிங் பிரவுன், பிரவுன் பாம்பு அல்ல: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, வேலைக்காக ஆஸ்திரேலியாவின் பர்க் ஊருக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. கொட்டகையில் ஆறடி நீளத்தில் ஒரு பாம்புச் சட்டை கிடந்தது. ஒருவர் பிரவுன் என்கிறார், இன்னொருவர் கிங் பிரவுன் என்கிறார். இரண்டும் ஒன்றுதானே?

பதில்: இல்லை, பெயர்தான் ஏமாற்றுகிறது. கிங் பிரவுன் என்பது முல்கா பாம்பு. நிறம் பழுப்பு, ஆனால் சிவப்பு வயிற்றுக் கரும்பாம்பு இருக்கிற சூடெக்கிஸ் பேரினத்தைச் சேர்ந்தது. உங்கள் ஊரில் பிரவுன் என்று சொல்வது ஈஸ்டர்ன் பிரவுன். அது வேறு பேரினம், சூடோநாஜா.

சட்டை கிடைத்தது நல்லதாயிற்று. வயிற்றுப் பக்கம் தெரிகிற மாதிரி வெளிச்சத்தில் விரியுங்கள். பட்டை பட்டையாக வரும் அகலச் செதில்கள் கழிவுத் துவாரத்தோடு நின்றுவிடும். அதற்கு அப்புறம் வால். அங்கே தொடக்கத்திலிருந்தே செதில்கள் இரண்டிரண்டாகப் பிரிந்து போனால் பெரும்பாலும் ஈஸ்டர்ன் பிரவுன். முதலில் ஒற்றையாக வந்து, நுனிப் பக்கம் இரட்டையானால் முல்கா. நீளத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். உரியும்போது சட்டை இழுபட்டுப் பாம்பைவிட நீண்டுவிடும்.

கேள்வி: நடு உடம்பில் செதில் வரிசையை எண்ணச் சொல்கிறார்களே?

பதில்: இந்த இரண்டுக்கும் 17தான், பிரித்துக் காட்டாது. பெர்த் பக்கத்தில் இருக்கும் டூகைட் என்கிற இன்னொரு பிரவுன் பாம்புக்கு 19 இருக்கும், அங்கே எண்ணுவது உதவும்.

கேள்வி: உயிரோடு கண்டால் நிறத்தை வைத்துச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். ஈஸ்டர்ன் பிரவுன் வெளிர்பழுப்பிலிருந்து கிட்டத்தட்ட கருப்பு வரை இருக்கும். குட்டிக்குத் தலையில் கருப்புத் திட்டும் பிடரியில் பட்டையும் உண்டு, சிலவற்றுக்கு உடம்பெல்லாம் வளையம். முல்காவுக்குத் தலை அகலம், கன்னம் புடைத்திருக்கும். செதிலின் அடி வெளுத்து நுனி கருத்திருப்பதால், உடம்பில் வலை போர்த்தின மாதிரி தெரியும். தள்ளி நின்று போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், கிட்டே போகவே வேண்டாம்.

கேள்வி: எந்தப் பாம்பானால் என்ன, விஷம் விஷம்தானே?

பதில்: அப்படி நினைக்காதீர்கள். பிரவுன் விஷம் இரத்தம் உறைவதைக் கெடுக்கும். முல்கா விஷம் தசையை அழிக்கும். முல்கா கடிக்குத் தருவது கரும்பாம்பு விஷமுறிவு மருந்து. 'கிங் பிரவுன் கடித்தது' என்று சொன்னால் கேட்பவர் பிரவுன் என்றே எடுத்துக்கொள்ளலாம், அதுதான் எனக்குப் பயம். கடித்த இடத்தைக் கழுவாதீர்கள். தோலில் தங்கிய விஷத்தைத் துடைத்தெடுத்து மருத்துவமனையில் சோதிக்க முன்பு ஒரு கிட் இருந்தது. டைகர், பிரவுன், கரும்பாம்பு, டெத் ஆடர், டைப்பான் என 5 வகைகளில் எது என்று அது காட்டியது. பாம்பை அடித்து எடுத்துப் போகவும் வேண்டாம். அகலமான பேண்டேஜால் கை அல்லது கால் முழுவதும் இறுக்கிச் சுற்றி, அசையாமல் வைத்து, அவசர எண் 000-க்குப் போன் செய்யுங்கள்.

கேள்வி: டெத் ஆடர் விரியன் வகையா?

பதில்: பார்த்தால் அப்படித்தான் தோன்றும்: குட்டை உடம்பு, முக்கோணத் தலை. ஆனால் ஆஸ்திரேலியாவில் விரியனே கிடையாது. டெத் ஆடரும் நல்ல பாம்பின் எலாப்பிடே குடும்பம்தான். நம் ஊர்க் கட்டுவிரியனுக்கும் பெயரில்தான் விரியன், குடும்பம் இதே எலாப்பிடே.