ஐ.நா. பொதுச்சபை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: பொதுச்சபைத் தீர்மானத்தை மீறும் நாட்டுக்கு என்ன தண்டனை?

ப: எதுவும் இல்லை. அவை பரிந்துரைகள். பட்ஜெட், பங்குத்தொகை, தேர்தல் போன்ற ஐ.நா.வின் உள்விவகார முடிவுகள்தான் உறுப்பினர்களைக் கட்டுப்படுத்தும்.

கே: பொதுச்சபையில் அமெரிக்கா வீட்டோ போட்டதாகப் படித்தேன். எப்படிச் சாத்தியம்?

ப: சாத்தியமே இல்லை. தீர்மானத்தைத் தடுக்கும் அதிகாரமான வீட்டோ பாதுகாப்பு சபையில் மட்டும். பொதுச்சபையில் 193 நாடுகளுக்கும் தலா ஒரு ஓட்டு. செய்தியைப் படிக்குமுன் தீர்மான எண்ணைப் பாருங்கள்: 'A/RES' என்று தொடங்கினால் பொதுச்சபை, 'S/RES' என்றால் பாதுகாப்பு சபை. 2022 ஏப்ரலில் வந்த 76/262 தீர்மானத்துக்குப் பிறகு, பாதுகாப்பு சபையில் வீட்டோ விழுந்தால் 10 வேலைநாளுக்குள் பொதுச்சபை கூடி அதை விவாதிக்கிறது.

கே: 2022 மார்ச்சில் உக்ரைன் வாக்கெடுப்பை இந்தியா புறக்கணித்தது எதிர் ஓட்டுக்குச் சமம்தானே?

ப: இல்லை. 'புறக்கணித்தது' என்ற சொல்லே தவறு. பத்திரிகைகள் இதை விடாமல் எழுதுவது பெரிய வேதனை. புறக்கணிப்பு என்றால் ஓட்டே பதியாமல் இருப்பது. இந்தியா இருக்கையில் அமர்ந்து மஞ்சள் பொத்தானை அழுத்தியது. பச்சை ஆதரவு, சிவப்பு எதிர்ப்பு, மஞ்சள் நடுநிலை.

மார்ச் 2 கணக்கைப் பாருங்கள்: ஆதரவு 141, எதிர்ப்பு 5, நடுநிலை 35. ஓட்டுப் பதியாதவை 12. புறக்கணிப்பு என்ற பேச்சுக்கு இடமிருந்தால் இந்த 12-இல்தான் தேட வேண்டும். முக்கிய விஷயங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஆனால் அதைக் கணக்கிடுவது ஆதரவு, எதிர்ப்பு ஓட்டுகளை மட்டும் கூட்டி. 146-இல் தேவை 98. நடுநிலையையும் கூட்டி 181 என்று வைத்தால் 121 வரும். இந்தத் தவறுதான் அடிக்கடி நடக்கிறது. ஒரு சிவப்பை ஈடுகட்ட இரண்டு பச்சை வேண்டும். மஞ்சளை ஈடுகட்ட ஒன்றும் வேண்டாம். அரசியல் சமிக்ஞை வேறு, எண்கணிதம் வேறு.

கே: சந்தா கட்டாத நாடு?

ப: பாக்கி முழு 2 ஆண்டுத் தொகையை எட்டினால் ஐ.நா. சாசனத்தின் 19-வது பிரிவுப்படி பொதுச்சபையில் ஓட்டுரிமை போகும். கட்ட முடியாத காரணம் கைமீறியது என்று சபை ஏற்றால் விலக்கு உண்டு.

கே: கிருஷ்ண மேனன் பொதுச்சபையில் 8 மணி நேரம் பேசியது எப்போது?

ப: கேட்குமுன் சற்றுத் தேடியிருக்கலாம். இந்தியப் பிரதிநிதியாக அவர் அப்படிப் பேசியது 1957 ஜனவரியில், காஷ்மீர் பற்றி, பாதுகாப்பு சபையில். பொதுச்சபையில் நீண்ட பேச்சு என்றால் 1960-இல் கியூபாவின் ஃபிடல் காஸ்ட்ரோ, ஏறக்குறைய நாலரை மணி நேரம். இப்போது ஆண்டுதோறும் நடக்கும் பொது விவாதத்தில் ஒருவருக்கு 15 நிமிடம் என்பது வேண்டுகோள்தான், மீறுகிறவர்கள் நிறைய.

கே: இலங்கை பற்றிய ஜெனிவா தீர்மானங்கள் பொதுச்சபையினுடையவையா?

ப: பொதுச்சபை அல்ல, ஐ.நா. மனித உரிமைகள் பேரவை. 47 உறுப்பினர்கள். 2012-இல் 24 ஆதரவு, 15 எதிர்ப்பு, 8 நடுநிலை, இந்தியா ஆதரவு. மறுபடியும் சொல்கிறேன், எண்ணைப் பாருங்கள்: பேரவையினுடையது 'A/HRC' என்று தொடங்கும்.